பாராதைராய்டைப் பதியம் போடுதல்: எது நிரூபணம்?

தைராய்டு முழுவதையும் அகற்றும் அறுவை சிகிச்சையில் மருத்துவர் எடுக்க வேண்டியதைவிட விட்டுவைக்க வேண்டியதே அதிகக் கவலை தருகிறது. தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கிடக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பெரும்பாலோருக்கு நான்கு. ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவுதான்; எடை 30 முதல் 40 மில்லிகிராம். கொழுப்புத் திவலையோ நிணநீர்க் கணுவோ என்று கண்ணை ஏய்க்கும் நிறம். இரத்தக் கால்சியத்தை நிமிடத்துக்கு நிமிடம் நிலைநிறுத்துபவை இவையே. இவை போனால் உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல்கள் இழுத்துக்கொள்ளும் இசிவு, பல வேளைகளில் ஆயுள் முழுக்கக் கால்சியமும் கால்சிட்ரியாலும்.

அறுவையின்போது ஒரு சுரப்பி இரத்த ஓட்டத்தை இழந்தாலோ, அகற்றிய தைராய்டுடன் சேர்ந்து வந்துவிட்டாலோ, அதைப் பொடிப்பொடியாக நறுக்கி அதே நோயாளியின் தசைக்குள் வைப்பதே தன்மாற்றுப் பதியம். மீட்பு வழியாக இதன் பயனில் ஐயமில்லை. நல்ல நிலையிலுள்ள சுரப்பியையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துப் பதியம் போடலாம் என்ற வாதத்தைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது. அந்த வாதம் சுட்டும் வெற்றி உண்மையில் யாருடைய வெற்றி என்பதே கேள்வி.

பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1909இல் வெளியிட்ட நாய்ச் சோதனைகளில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. பதியத்தை மட்டும் நம்பி உயிர்வாழ்ந்த நாயிடமிருந்து அதையும் வெட்டியெடுத்தபோது இசிவு தோன்றியது. பதியம் வேலை செய்தது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றையும் அவர் கண்டார். பாராதைராய்டுத் திசுவில் பாதிக்கு மேல் இழப்பு ஏற்பட்ட நாய்களில் 61 விழுக்காட்டில் பதியம் பிடித்தது. அத்தகைய இழப்பு இல்லாத ஒன்றில்கூடப் பிடிக்கவில்லை. நாய்க்குச் சொன்னது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. ஆனாலும் மற்ற மூன்றும் நலமாக இருக்கையில் நான்காவதைப் பதியம் போட விரும்புபவர் இந்த முடிவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மனிதரிடம் இந்த முறையைப் பாஸ்டனில் ஃபிராங்க் லேஹி 1926இல் எழுதினார். கழுத்தின் பக்கவாட்டுத் தசையே அவர் தேர்ந்த இடம். அறுவைக் களத்திலேயே கைக்கு எட்டும் தசை அது, தனிக் கீறல் வேண்டாம். ஆனால் அங்கே வைத்த துண்டு சுரக்கிறதா, பக்கத்தில் எஞ்சிய சுரப்பிகள் சுரக்கின்றனவா என்று பிரித்தறிய வழியில்லை. 1970களில் சாமுவேல் வெல்ஸ் முன்கைத் தசைக்கு மாறியது இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. பதியம் உள்ள கையின் சிரையிலும் மற்றக் கையின் சிரையிலும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்துப் பாராதைராய்டு ஹார்மோனை அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பதியம் பிழைக்கும், சுரக்கும் என்பதை மனிதரிடம் ஐயமறக் காட்டியது அந்த அளவீடுதான்.

1990களின் இறுதியில் சிட்னியிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் ஒவ்வோர் அறுவையிலும் ஒரு சுரப்பியையாவது பதியம் போடலாம் என்ற கருத்து எழுந்தது. நிரந்தரக் குறைசுரப்பு குறைகிறது என்பது அதன் வலு. அங்கும் பதியம் கழுத்தில்தான். சில மாதங்களில் கால்சியம் சீரானால் அந்தப் பெருமை பதியத்துக்கா, அதிர்ச்சியிலிருந்து மீண்ட மற்ற மூன்றுக்கா? மாத்திரையை விடாமல் விழுங்குபவரின் கால்சியம் எப்படியும் சீராகத்தான் தெரியும். பார்சிலோனா குழு 2015இல் கணக்கைத் திருப்பிப் போட்டது: நான்கிலிருந்து பதியம் போட்டதையும் தவறி அகற்றப்பட்டதையும் கழித்து, இருந்த இடத்திலேயே எஞ்சியவை எத்தனை என்று எண்ணியது. எஞ்சியவை குறையக் குறைய நிரந்தரக் குறைசுரப்பு கூடியது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. பெரிய கட்டி, நிணநீர்க் கணு நீக்கம், மறு அறுவை ஆகியவற்றில்தான் பதியம் அதிகம். சுரப்பிகளைக் கெடுப்பது அந்தச் சிரமமே அன்றிப் பதியமல்ல. மறுப்பு நியாயமானது. ஆனால் அது பதியத்தின் மேலுள்ள பழியைத்தான் நீக்குகிறது. நலமான சுரப்பியை எடுக்கக் காரணம் தருவதில்லை. எடுத்த சுரப்பி புது இரத்த நாளங்கள் ஊடுருவும் வரை வாரக்கணக்கில் மௌனமாக இருக்கும். அந்த இடைவெளி முழுவதும் நோயாளியினுடையது.

எனவே முடிவு, சுரப்பி இறந்துவிட்டதா என்ற தீர்ப்பைப் பொறுத்தது. நிறத்தை நம்ப முடியாது: கறுத்தது சிரைத் தேக்கத்தால் இருக்கலாம், வெளுப்பில்லாதது தமனியை இழந்திருக்கலாம். உறையைச் சற்றே கீறி இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது பழைய வழி. இண்டோசயனின் பச்சைச் சாயத்தைச் செலுத்தி ஓட்டத்தைப் படமாகக் காண்பது ஜெனீவா குழுவினர் வளர்த்த வழி. அகச்சிவப்புக்கு அண்மைய ஒளியில் சுரப்பி தானாக ஒளிர்வதைக் காட்டும் கருவி அது எங்கிருக்கிறது என்று மட்டுமே சொல்லும்; உயிருள்ளதா என்று சொல்லாது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது கருவி விற்பவருக்கு வசதி, அவ்வளவே.

உயிரில்லை என்று உறுதியானால் தயங்கக் கூடாது. சுரப்பியைக் குளிர்ந்த உப்புநீரில் இட்டு, ஒரு நுனியை உறைவெட்டுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். புற்று பரவிய கணுவைப் பாராதைராய்டு என்று எண்ணித் தசையில் புதைப்பது எந்தக் குறைசுரப்பையும்விட மோசம். பின் ஒரு மில்லிமீட்டர்த் துண்டுகளாக நறுக்கி, இரத்தம் கட்டாத தசைப் பைகளில் வைத்து, கரையாத தையலால் அடையாளமிட வேண்டும். உறைவெட்டு வசதி இல்லாத மருத்துவமனையில், அதுவும் புற்றுநோய்க்கான அறுவையில், சந்தேகத் திசுவை நடாமல் விடுவதே சரி.

அறுவைக் குறிப்பில் இப்போது ‘ஒரு பாராதைராய்டு பதியம்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். எத்தனை கண்ணில் பட்டன, எத்தனை இடத்திலேயே விடப்பட்டன, பதியம் போட்டதற்கு எந்தச் சோதனை காரணம், ஓராண்டு கழித்து ஹார்மோன் அளவு என்ன என்ற நான்கும் அந்த வரியை அடுத்து வர வேண்டும். அவையின்றித் தொகுக்கப்படும் வெற்றி விழுக்காடு எதுவும் பதியத்தைப் பற்றியதாகாது.