மனைவிக்கென ஒதுக்கிய பணம்

குடும்பத் தலைவர் கடனோடு இறந்துவிட்டால், அவர் கட்டிவந்த காப்புறுதிப் பணம் யாருக்கு? மனைவிக்கா, கடன்காரருக்கா?

இக்கேள்விக்கு இங்கிலாந்து 1870-ஆம் ஆண்டிலேயே விடை கண்டது. அதுவரை அந்நாட்டில் திருமணமான பெண்ணின் சம்பாத்தியம்கூடக் கணவருக்கே உரியதாக இருந்தது. அவ்வாண்டு வந்த திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், அவள் சம்பளத்தை அவளுக்கே உரியதாக்கியது. மனைவி, பிள்ளைகளின் நலனுக்கென ஒருவர் எடுக்கும் ஆயுள் காப்புறுதி ஒரு 'டிரஸ்ட்' என்றும் அறிவித்தது. அதாவது, ஒருவர் பொறுப்பில் இருந்தாலும் மற்றவர் நலனுக்காகவே காக்கப்படும் சொத்து. ஆகவே அப்பணம் இறந்தவரின் சொத்தில் சேராது. கடன்காரர் அதில் கைவைக்க முடியாது. கடன்காரரை ஏமாற்றும் எண்ணத்தோடு கட்டிய சந்தாத் தொகைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

இந்தியா 1874-இல் இவ்வழியைப் பின்பற்றியது. மலாயாவில் 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம், 23-ஆம் பிரிவில் இதே பாதுகாப்பைத் தந்தது. பின்னர் 1996-ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டமும், 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டமும் இதை மேலும் தெளிவாக்கின. முஸ்லிம் அல்லாத ஒருவர் தம் பாலிசியில் மனைவி அல்லது பிள்ளையின் பெயரைக் குறிப்பிட்டாலே டிரஸ்ட் உருவாகிவிடும். மனைவி மக்கள் இல்லாதவர் பெற்றோரைக் குறிப்பிட்டாலும் அப்படியே.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். முஸ்லிம் அல்லாதவர் எழுதிய உயில், பொதுவாக அவரது திருமணத்தோடு ரத்தாகிவிடும். பாலிசியில் எழுதிய பெயரோ ரத்தாகாது. மணமாகுமுன் தாயின் பெயரை எழுதியவர், பிறகு அதை மாற்ற டிரஸ்டின் பொறுப்பாளர் சம்மதிக்க வேண்டும். வேறொருவரை நியமிக்காவிட்டால் அந்தப் பொறுப்பாளர் தாயேதான்.

திருமணப் பதிவோடு பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.