துருவே காவல்

போன ஐப்பசியில் ஒரு அடி நீள இரும்புத் தடியை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்தேன். ஸ்ரீரங்கத்து வீட்டுக் குளியலறையில், கொடியில் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஒரு வாளி வெந்நீர். மூன்றாம் நாள் அம்மா எட்டிப் பார்த்தாள். "இரும்புக்கு என்னடா ஆவி பிடிக்கற? ஜலதோஷமா அதுக்கு?"

காரணம் ஒரு பெயர். பிரவுன் பெஸ். கம்பெனிப் படைகள் தோளில் சுமந்த மஸ்கட் துப்பாக்கிக்கு சிப்பாய்கள் வைத்த செல்லப் பெயர். 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா தன் படையோடு சரணடைந்தது இந்தத் தீவில்தான். அதே நாட்களில் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சிக்கிய சந்தா சாகிபின் தலையும் போனது. அந்தச் சண்டைகளைப் பற்றிப் படிக்கும்போது, பழுப்புத் துப்பாக்கிகளோடு காவிரி மணலில் நிற்கும் சிப்பாய்களைத்தான் நான் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

அது தப்பு. அந்தக் குழல்கள் பழுப்பாக இல்லை, வெள்ளி மாதிரி மின்னின. செங்கல் பொடி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருப்பது சிப்பாயின் தினசரி வேலை. அதில் மூன்று சங்கடங்கள். வெயிலில் மின்னி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தேய்க்கத் தேய்க்கக் குழலின் சுவர் மெலியும். ஒரு ராத்திரி மழையில் துரு திரும்ப வந்து நிற்கும். 1815 வாக்கில்தான் பிரிட்டிஷ் ராணுவம் பொதுவாகவே குழல்களைப் பழுப்பாக்கும் முறைக்கு வந்தது. ஆனால் பிரவுன் பெஸ் என்ற பெயர் 1785-இல் வெளியான குரோஸின் கொச்சைச் சொல் அகராதியிலேயே இருக்கிறது. கட்டையின் நிறத்தால் வந்த பெயரா, வேறெதாலா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

பழுப்பாக்குவது என்றால் பெயின்ட் அடிப்பதல்ல. துருவை வளர்ப்பது.

கையால் அடித்த குழலில் சுத்தியல் தழும்புகள் இருக்கும். முதலில் அரத்தை நீளவாக்கில் இழுத்து இழுத்து அவற்றைச் சமன் செய்ய வேண்டும். பிறகு பொடி போட்டுத் தேய்ப்பு. அப்புறம் சுண்ணாம்பு பூசி எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, இரண்டு முனையிலும் மரக்கட்டை செருகுவார்கள். உள்ளே திராவகம் போகக்கூடாது, பிடிக்கவும் அதுதான் கைப்பிடி. இதற்குமேல் வெறுங்கை படக்கூடாது. மயில்துத்தமும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்த ஒரு கரைசலை மெல்லிசாகத் தடவி, ஈரக் காற்றில் ஒரு நாள் விடுவார்கள். செம்பொடியாகத் துரு பூக்கும். கம்பி பிரஷ்ஷால் உதிர்வதையெல்லாம் உதிர்த்துவிட்டு, இரும்போடு ஒட்டி நிற்கும் மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும். மறுபடி தடவல், மறுபடி ஈரம், மறுபடி பிரஷ். பல நாள் இப்படி. கடைசியில் கொதிநீர் ஊற்றி அமிலத்தைக் கழுவி, சூட்டோடு எண்ணெயோ மெழுகோ தேய்த்தால் முடிந்தது.

சாதாரணத் துரு இரும்பைத் தின்பதற்குக் காரணம் அதன் ஓட்டைகள். பொலபொலவென்று இருப்பதால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உதிர்வதை எடுத்து எடுத்து வளர்த்தால் படலம் அடர்த்தியாகிறது, எண்ணெய் அதில் ஊறி நிற்கிறது. தகடுகளை முறுக்கி அடித்துச் செய்த குழலாக இருந்தால் இன்னொரு லாபம். மென்மையான இரும்பும் எஃகும் வெவ்வேறு வேகத்தில் துருப்பிடிப்பதால், உள்ளே ஒளிந்திருந்த முறுக்கு வரிகள் மேலே தெரியும். கொல்லன் எப்படி அடித்தான் என்பதைத் துரு படித்துக் காட்டும்.

இதைச் செய்யத் தெரிந்த கைகள் எங்கே போயின என்று தேடினால் 1801-க்கு வர வேண்டியிருக்கிறது. அந்த வருடம் ஜூன் 16 தேதியிட்ட சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஐரோப்பியருக்கு எதிராகச் சாதி பார்க்காமல் எல்லோரும் சேருங்கள் என்று ஜம்புத்தீவு முழுக்கக் கூப்பிட்ட அறிக்கை. இதைச் சுவரிலிருந்து கிழிப்பவனைப் பஞ்சமாபாதகம் சேரும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைகள் கலைக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஆயுதம் வாங்க ஆளில்லாவிட்டால் செய்கிற உலைக்கு என்ன வேலை?

தஞ்சையில் மிஞ்சியதும் அதிக நாள் மிஞ்சவில்லை. மராத்திய அரசு 1855-இல் முடிந்தது. 1860-களில் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டபோது தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள்.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியை நம் காலம்வரை தோளில் வைத்திருந்தவர்கள் நரிக்குறவர்கள். திருச்சி பக்கம் தேவராயநேரியில் அவர்களுடைய பெரிய குடியிருப்பு இருக்கிறது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியதும் பாசிமணிதான் பிழைப்பு. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தைத் தாண்ட 2022 டிசம்பர் ஆனது. அதே திருச்சியில் 1966-இல் அரசு துப்பாக்கித் தொழிற்சாலை வந்துவிட்டது. ஒரே ஊரில் துப்பாக்கி செய்வது அரசு வேலை, துப்பாக்கி வைத்திருப்பது சந்தேகத்துக்குரிய விஷயம்.

அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பழைய குழல்களைப் பார்க்கும்போது இப்போது வேறொன்றைத் தேடுகிறேன். கவனிக்காமல் விட்ட துரு குழிகுழியாக இருக்கும். வளர்த்த துரு வழவழவென்று, புளியங்கொட்டை மாதிரி. தெரியாதவர் கையில் எமரித்தாள் கிடைத்தால் இரண்டும் ஒன்றுதான். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அரைமணி தேய்த்தால் கொல்லனின் பல நாள் வேலை காணாமல் போய்விடும். திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிக் கல்வெட்டைத் தேய்த்த ஊர்களில் வளர்ந்த நமக்கு இது புது விஷயமில்லை. பளபளப்புதான் மரியாதை என்று நினைக்கிறோம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24-ஆம் தொகுதி முழுக்க ஸ்ரீரங்கம்தான். அத்தனையும் யாரும் ரொம்ப அக்கறையாகத் தேய்க்காததால் தப்பியவை. மதிலில் ஒட்டிய மருதுவின் காகிதம் அங்கே இல்லை.

என் தடிக்கு வருவோம். உப்புத்தண்ணீரை வைத்துச் செய்ததால் நிறம் சுமார். ஏழாவது சுற்றில்தான் ஒரு பழுப்பு வந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் கடைசிவரை வெளிறியே இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் என் பெருவிரல் ரேகை. முதல் நாளே பிசகாகப் பிடித்திருக்கிறேன், கை எண்ணெய் அங்கே துருவை விடவில்லை.

நல்ல கொல்லனின் குழலில் இந்த ரேகை இருக்காது. வேலை சுத்தம் என்பதற்கு அதுதான் அடையாளம். பெயரும் இல்லை, ரேகையும் இல்லை, அந்தப் பழுப்பு ஒன்றுதான் அவன் விட்டுப்போனது. அதையாவது தேய்க்காமல் இருக்கலாம். தடியை அம்மா இப்போது கொல்லைக் கதவுக்குத் தாழாக வைத்திருக்கிறாள். ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது, புதுத் துரு ஏறவில்லை.