சோனி பிஎம்ஜி இசைத்தட்டு ரூட்கிட் விவகாரம்

சோனி பிஎம்ஜி ரூட்கிட் விவகாரம் என்பது 2005ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிப்பட்ட ஒரு நுகர்வோர் உரிமைப் பிரச்சினை ஆகும். உலகின் மிகப் பெரிய இசை நிறுவனங்களுள் ஒன்றான சோனி பிஎம்ஜி, தான் விற்ற இசைக் குறுந்தட்டுகளில் ஒரு மென்பொருளை வைத்திருந்தது. வாங்கியவர் தட்டைக் கணினியில் போட்டுப் பாட்டுக் கேட்கத் தொடங்கியதும், அந்த மென்பொருள் அவருக்குத் தெரியாமல் கணினிக்குள் இறங்கித் தன்னை மறைத்துக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய கணினிக்கு யார் எசமானர் என்ற கேள்வி பொதுமக்கள் மத்தியில் உரக்க எழுந்த முதல் சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

பின்னணி

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய இசைக் குறுந்தட்டு 1982இல் விற்பனைக்கு வந்தது. அதில் எந்தப் பூட்டும் இல்லை. வீட்டில் இருக்கும் ஒரு பெட்டி அதைப் படித்து, நகல் எடுத்து, உலகின் மறுமூலைக்கு அனுப்பும் என்று அதை வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. 1999இல் நாப்ஸ்டர் வந்தபோது அந்த எதிர்பாராதது நடந்துவிட்டது. 2001இல் நீதிமன்ற ஆணையால் நாப்ஸ்டர் முடங்கியது. ஆனால் அதன் இடத்தில் வேறு பல சேவைகள் முளைத்தன. 2003ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம், பாட்டைப் பகிர்ந்த தனிமனிதர்கள் மீதே வழக்குத் தொடுக்கத் தொடங்கியது.

இங்கே ஒரு விநோதத்தைக் குறிப்பிட வேண்டும். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டில் பதிவு செய்துகொள்ள உதவிய பீட்டாமேக்ஸ் கருவியைத் தயாரித்தது இதே சோனிதான். அக்கருவி பதிப்புரிமையை மீறுகிறது என்று ஹாலிவுட் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு பார்ப்பதற்காக ஒருவர் தன் வீட்டில் பதிவு செய்துகொள்வது நியாயமான பயன்பாடே என்றது அத்தீர்ப்பு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1988இல், சோனி சிபிஎஸ் இசை நிறுவனத்தை வாங்கியது. அதுவரை கருவி விற்றவர், இப்போது பாட்டும் விற்கிறார். 2004இல் ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மன் குழுமத்தின் பிஎம்ஜியோடு சோனியின் இசைப் பிரிவு இணைந்து சோனி பிஎம்ஜி பிறந்தபோது, பழைய வழக்கில் எதிர்த்தரப்பு பேசிய பேச்சை அது தானே பேசத் தொடங்கியிருந்தது.

பூட்டில்லாத தட்டுக்குப் பூட்டுப் போடும் முயற்சிகள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. 2002இல் ஐரோப்பாவில் சோனி வெளியிட்ட சில தட்டுகளின் வெளி விளிம்பில், கணினியைக் குழப்புவதற்கென ஒரு தடம் பதிக்கப்பட்டிருந்தது. அந்த விளிம்பில் ஒரு மார்க்கர் பேனாவால் கோடு இழுத்தால் போதும், பூட்டு செயலிழந்தது. 2003இல் சன்காம் என்ற நிறுவனத்தின் மீடியாமேக்ஸ் என்னும் பூட்டு வந்தது. தட்டைப் போடும்போது விசைப்பலகையில் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அந்தப் பூட்டு விழுவதே இல்லை என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் காட்டினார். சன்காம் அவர் மீது வழக்குத் தொடுக்கப் போவதாக அறிவித்தது. ஊர் சிரித்தது. அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

தட்டில் போடும் பூட்டு நிற்காது என்பது இவற்றால் தெளிவாகிவிட்டது. ஆகவே அடுத்த பூட்டு தட்டில் போடப்படவில்லை, வாங்குபவரின் கணினியிலேயே போடப்பட்டது.

எக்ஸ்சிபி செய்த வேலை

இந்தப் புதிய பூட்டின் பெயர் எக்ஸ்சிபி. இங்கிலாந்தைச் சேர்ந்த பர்ஸ்ட் 4 இண்டர்நெட் என்ற நிறுவனம் இதைத் தயாரித்தது. 52 இசைத்தொகுப்புகளில் இது இடம்பெற்றது. விண்டோஸ் கணினியில் தட்டைப் போட்டால் ஓர் உரிம ஒப்பந்தம் திரையில் தோன்றும். சம்மதம் என்று அழுத்தினால்தான் பாட்டுக் கேட்க முடியும். அழுத்தியதும், தட்டில் உள்ள இசை இயக்கியோடு வேறொன்றும் கூடவே இறங்கியது.

அந்த வேறொன்றுதான் ரூட்கிட் எனப்படுவது. கணினியின் இயங்குதளத்திடம், ‘இந்தக் கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன?’ என்று பயனரோ வைரஸ் தடுப்பு மென்பொருளோ கேட்கும்போது, ரூட்கிட் நடுவில் புகுந்து பதிலைத் திருத்திவிடும். சில கோப்புகள் இருந்தும் இல்லாதவை ஆகிவிடும். ஊடுருவல்காரர்கள் பிறர் கணினியில் ஒளிந்துகொள்ளக் கையாளும் உத்தி இது. எக்ஸ்சிபி தன் கோப்புகளை மட்டும் மறைத்திருந்தால் ஒருவேளை பிரச்சினை சிறிதாகவே இருந்திருக்கும். ஆனால் அது ஒரு பொது விதியை வைத்துக்கொண்டது: டாலர் குறி, எஸ், ஒய், எஸ், மறுபடி டாலர் குறி என்று பெயர் தொடங்கும் எதையும் மறைத்துவிடு. யார் வைத்த கோப்பு என்று அது பார்க்கவில்லை.

விருந்தாளியாக வீட்டுக்குள் வந்தவர் பரணில் ஏறி ஒளிந்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அதோடு, பரணுக்கு ஏறும் ஏணியை வாசல் பக்கம் சாத்தியும் வைத்துவிட்டார். எந்தத் திருடன் வேண்டுமானாலும் அதே பரணில் ஒளியலாம். நடந்தது ஏறக்குறைய இதுதான்.

இதோடு முடியவில்லை. கணினியில் எந்தெந்த நிரல்கள் ஓடுகின்றன என்று எக்ஸ்சிபி இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருந்தது, தட்டு உள்ளே இல்லாதபோதும். இயக்கியைத் திறக்கும்போதெல்லாம் எந்தத் தொகுப்பு கேட்கப்படுகிறது என்பதைக் காட்டும் அடையாள எண் சோனியின் இணைய வழங்கிக்குப் போனது. விளம்பரப் படங்களைப் புதுப்பிப்பதற்காக அந்தத் தொடர்பு அமைக்கப்பட்டிருந்தது. எந்த நோக்கத்துக்காக இருந்தாலும், எந்த முகவரியில் இருப்பவர் எப்போது எதைக் கேட்கிறார் என்ற குறிப்பை எடுக்க அது இடம் கொடுத்தது. இது பற்றி உரிம ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. நீக்குவதற்கு வழியும் தரப்படவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் இருந்தவையும் படிக்கத் தக்கவை. எலக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு அதை வரிவரியாகப் படித்து வெளியிட்டது. வீட்டில் திருட்டுப் போய்த் தட்டு காணாமல் போனால், கணினியில் உள்ள நகலையும் அழித்துவிட வேண்டும். நாட்டை விட்டுக் குடிபெயர்ந்தாலும் அழிக்க வேண்டும். கடனில் மூழ்கித் திவாலானாலும் அழிக்க வேண்டும். நிறுவனத்தால் வாங்கியவருக்கு எவ்வளவு நட்டம் வந்தாலும் அதன் பொறுப்பு 5 டாலருக்கு மேல் போகாது. பாட்டுத் தட்டு வாங்கும் எவரும் இத்தகைய நிபந்தனைகளைப் படித்திருக்க மாட்டார் என்பது எழுதியவர்களுக்கும் தெரியும்.

வெளிச்சத்துக்கு வந்த விதம்

மார்க் ருசினோவிச் விண்டோஸ் இயங்குதளத்தின் உட்புறத்தை நன்கறிந்த வல்லுநர். சிஸ்இண்டர்னல்ஸ் என்ற தளத்தை நிறுவியவர்களுள் ஒருவர். ரூட்கிட்டுகளைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அவரே எழுதியிருந்தார். அதன் புதிய பதிப்பைத் தன் கணினியில் சோதித்தபோது, தன்னிடமே ஒரு ரூட்கிட் இருப்பதைக் கண்டார். எச்சரிக்கையான பழக்கமுள்ள ஒருவர் கணினியில் இது எப்படி வந்தது? மறைந்திருந்த கோப்புகளைப் பிரித்துப் பார்த்ததில் பர்ஸ்ட் 4 இண்டர்நெட்டின் பெயர் கிடைத்தது. அதைப் பின்தொடர்ந்து போனால், அவர் அமேசானில் காசு கொடுத்து வாங்கிய வான் சேன்ட் சகோதரர்களின் இசைத்தட்டில் போய் நின்றது. அதன் ஒரு பகுதி விண்டோஸின் சொந்த உறுப்பு போலத் தோன்றும் பெயரையும் சூட்டிக்கொண்டிருந்தது. கோப்புகளைக் கையால் நீக்கியபோது கணினியிலிருந்து குறுந்தட்டு இயக்ககமே காணாமல் போயிற்று. அதை மீட்க அவருக்கே கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. சாதாரணப் பயனர் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2005 அக்டோபர் 31 அன்று ருசினோவிச் முழு விவரத்தையும் இணையத்தில் வெளியிட்டார். பின்லாந்தின் எப்-செக்யூர் நிறுவனமும் இதைத் தனியாகக் கண்டறிந்து, அக்டோபர் மாதத் தொடக்கத்திலேயே சோனி பிஎம்ஜிக்குத் தெரிவித்திருந்தது. ஆனால் ஊரறியச் செய்தது ருசினோவிச்சின் கட்டுரைதான். அது வெளியாகி இரண்டு வாரத்துக்குள், இந்த மறைவிடத்தைப் பயன்படுத்தி ஒளிந்துகொள்ளும் நச்சுநிரல்கள் இணையத்தில் உலவின. இணைய விளையாட்டில் ஏமாற்றி ஆடுபவர்கள்கூடத் தங்கள் நிரல்களை இதில் மறைத்துக்கொண்டார்கள்.

நிறுவனத்தின் முதல் பதில் மக்களை மேலும் சினமூட்டியது. சோனி பிஎம்ஜியின் டிஜிட்டல் வணிகப் பிரிவுத் தலைவர் தாமஸ் ஹெஸ், அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரில் பேசும்போது, பெரும்பாலானோருக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பிறகு அதைப் பற்றி அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் கேட்டார். கண்டனத்துக்கு இடமான பேச்சுத்தான். ஆனால் வேறு கோணத்தில் அது ஓர் உண்மையான வாக்குமூலம்: வாங்குபவரின் அறியாமையை நம்பித்தான் அந்தப் பூட்டு முழுவதும் கட்டப்பட்டிருந்தது. சில நாள்களில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி ஸ்டூவர்ட் பேக்கர், நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமலே, அறிவுச்சொத்து உங்களுடையது, கணினி உங்களுடையது அல்ல என்று எச்சரித்தார்.

நீக்குவதற்கு ஒரு நிரலைத் தருவதாக நிறுவனம் சொன்னது. அதைப் பெற இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி மின்னஞ்சல் முகவரி தர வேண்டும். அந்த முகவரியை விளம்பரங்களுக்குப் பயன்படுத்தலாம் என்று தனியுரிமைக் கொள்கை கூறியது. பிறகு மின்னஞ்சலுக்குக் காத்திருக்க வேண்டும். இவ்வளவும் செய்து பெற்ற நீக்கும் நிரல் முன்பைவிட மோசமான ஓட்டையைத் திறந்துவிட்டது என்று ஹால்டர்மனும் அவருடைய பேராசிரியர் எட் பெல்டனும் நிறுவினர். எந்த இணையதளம் வேண்டுமானாலும் அக்கணினியில் தான் விரும்பிய நிரலை ஓட்ட முடிந்தது. மீடியாமேக்ஸ் பூட்டு ஒப்பந்தத்துக்குச் சம்மதம் இல்லை என்று சொன்னவர்களின் கணினியிலும் கோப்புகளை வைத்துவிட்டுப் போனதும் இதே நாள்களில் தெரியவந்தது. போதாக்குறைக்கு, எக்ஸ்சிபிக்குள்ளேயே பிறர் எழுதிய கட்டற்ற மென்பொருளின் வரிகள், அவற்றின் உரிம நிபந்தனைகளைப் பின்பற்றாமல் சேர்க்கப்பட்டிருப்பதாக வல்லுநர்கள் காட்டினார்கள். பதிப்புரிமையைக் காக்க வந்த காவலாளியின் மடியிலேயே பிறர் பொருள்!

பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி, எக்ஸ்சிபி தொடர்புகொள்ளும் முகவரிகளைத் தேடிய தடயம் எங்கெல்லாம் இருக்கிறது என்று உலகளவில் ஆராய்ந்தார். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர் வழங்கிகளில் அத்தடயம் கிடைத்தது. இவ்வளவு பரவியிருந்தும் பெரிய வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று புரூஸ் ஷ்னையர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை திருப்தியான பதில் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

வழக்குகள்

நவம்பர் நடுவில் சோனி பிஎம்ஜி எக்ஸ்சிபி தட்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 47 லட்சம் தட்டுகள் தயாரிக்கப்பட்டு 21 லட்சம் விற்றிருந்தன. டெக்சாஸ் மாநிலம் அதே ஆண்டு இயற்றிய உளவு மென்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் நவம்பர் 21 அன்று வழக்குத் தொடுத்தது. வாங்கியவர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2006இல் சமரசத்தில் முடிந்தது. தட்டை மாற்றித் தருவதோடு, ஏழரை டாலரும் ஒரு தொகுப்பும், அல்லது மூன்று தொகுப்புகளைப் பதிவிறக்கும் உரிமை. 2006 டிசம்பரில் டெக்சாஸுக்கும் கலிபோர்னியாவுக்கும் தலா ஏழரை லட்சம் டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. மற்ற பல மாநிலங்களோடும் அதே மாதம் உடன்பாடு ஏற்பட்டது. 2007 ஜனவரியில் மத்திய வர்த்தக ஆணையம், கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை ஈடு தர வேண்டும் என்றும், இனி இத்தகைய மென்பொருள் இருந்தால் தட்டின் உறையிலேயே தெளிவாக அச்சிட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இவையெல்லாம் பெரிய தொகைகள் அல்ல.

பணத்தைவிட முக்கியமானது வேறொன்று. ஹால்டர்மனும் பெல்டனும் இந்தக் கோளாறை ருசினோவிச்சுக்கு முன்பே, ஒரு மாதத்துக்கும் மேலாக அறிந்திருந்தார்கள். பூட்டை ஆராய்வதே குற்றமாகலாம் என்று 1998ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இடம் வைத்திருந்ததால், வழக்கறிஞர்களிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாள்களில் தட்டுகள் கடைகளில் விற்றுக்கொண்டே இருந்தன. சட்டத்துக்கு அஞ்சி அறிஞர் வாய் மூடியிருந்த காலத்துக்கு விலை கொடுத்தவர் யாரோ ஒரு வாடிக்கையாளர். இதை அவர்கள் அரசிடம் எடுத்துச் சொன்னதன் பயனாக, 2006 நவம்பரில், பாதுகாப்புக் குறைபாடு உண்டாக்கும் குறுந்தட்டுப் பூட்டுகளை நல்லெண்ணத்தோடு சோதிப்பவர்களுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு வழங்கப்பட்டது. ஆனால் அது குறுந்தட்டுகளுக்கு மட்டுமே.

இணையத்தில் திருட்டுத்தனமாகப் பாட்டை இறக்கியவர் எவர் கணினியிலும் எக்ஸ்சிபி ஏறவில்லை. கடைக்குப் போய் உரிய விலை கொடுத்தவர் கணினியில்தான் ஏறியது. இந்தக் கணக்கு இசை நிறுவனங்களுக்கும் மெல்லப் புரிந்தது. 2007இல் இஎம்ஐ பூட்டில்லாத பாடல்களை இணையத்தில் விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் சோனி பிஎம்ஜி, மீடியாமேக்ஸைத் தயாரித்த நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. நான்கு பெரிய இசை நிறுவனங்களில் கடைசியாக, 2008 ஜனவரியில், சோனி பிஎம்ஜியும் பூட்டில்லாமல் பாடல் விற்கச் சம்மதித்தது. அந்த ஆண்டே பெர்டெல்ஸ்மனின் பங்கை சோனி வாங்கிக்கொள்ள, சோனி பிஎம்ஜி என்ற பெயரும் மறைந்தது. ருசினோவிச்சின் நிறுவனத்தை 2006இல் மைக்ரோசாப்ட் வாங்கியிருந்தது. அவர் ரூட்கிட்டைக் கண்டுபிடிக்க எழுதிய கருவியை அந்நிறுவனம் தன் தளத்தில் இலவசமாகவே வழங்கியது.