அவுலி: சரிவு சரி, அடிவாரம்?

வாழப்பாடிக்காரங்களுக்கு மலைன்னா ஏற்காடுதான். அந்த சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கெட்டியான, மிகப் பழைய பாறை. இமயமலை அப்படியில்லை, இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை. அங்கே பனிச்சறுக்குத் தலம் அமைத்தால் என்ன ஆகும்? உத்தராகண்டின் அவுலியைப் பார்க்கலாம்.

அவுலியில் சறுக்குதளத்தை இயற்கையே போட்டு வெச்சிருக்கு. கோடையில் புல்வெளி, குளிர்காலத்தில் அதன்மேல் பனி. கீழே ஜோஷிமட் ஊரிலிருந்து சுமார் 4 கி.மீ. ரோப்கார் 1990களில் ஓடத் தொடங்கியது. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. செயற்கைப் பனி தயாரிக்க ஒரு குளமும் வந்தது.

சிக்கல் மேலே இல்லை, கீழே. ஜோஷிமட் நிற்பது பாறைமேல் அல்ல, பழைய நிலச்சரிவு கொட்டிய மண், கல் குவியல்மேல். இதை 1976லேயே மிஸ்ரா குழு எழுதிவிட்டது: நிலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்காமல் பெரிய கட்டடம் கட்டாதீர்கள், பாறைகளைத் தோண்டவோ வெடிவைத்து உடைக்கவோ செய்யாதீர்கள், தண்ணீர் மண்ணில் இறங்காமல் வடிகால் போடுங்கள்.

ஊர் வளர்ந்தது, லாட்ஜுகள் பெருகின. 2023 ஜனவரியில் 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். ரோப்காரும் நின்றது.

பனிச்சறுக்கு மட்டுமே காரணம் இல்லைங்க. யாத்திரை, சாலை, நீர்மின் திட்டச் சுரங்கம் என்று வாதம் நீளுது. ஆனா, சுற்றுலாத் தலத்தின் எல்லை சறுக்குதளத்தோடு முடிவதில்லை. வருகிறவர்கள் படுத்துத் தூங்கும் ஊரும், அந்த ஊரின் கழிவுநீர் போய்ச் சேரும் இடமும் டிசைனில் சேர்த்திதான். ஏற்காட்டில் ரிசார்ட் கட்டுறவங்களிடமும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: தண்ணி எங்கே போகுது?