அறுந்த கேபிள்கள் சொன்ன வேகம்

கடலடி வண்டல் ஓட்டத்துக்கு நான் எழுதிய கணினி நிரல் போன வாரம் ஒருவழியாக ஓடியது. படமெல்லாம் அழகாகத்தான் வந்தது. ஆனால் சரியா தப்பா என்று ஒப்பிட்டுப் பார்க்க நிஜமான ஒரு வேகம் வேண்டுமே? தேடிக்கொண்டு போனால் 1929-இல் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் நவம்பர் 18, மாலை நேரம். நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, கிராண்ட் பேங்க்ஸ் பக்கம் கடலுக்கடியில் 7.2 அளவில் பூகம்பம். கிளம்பிய சுனாமியில் கரையோரக் கிராமங்களில் 28 பேர் இறந்தார்கள். அட்லாண்டிக்கின் அடியில் கிடந்த 12 தந்திக் கேபிள்கள் அறுந்தன.

பூகம்பம் அறுத்தது, இதிலென்ன என்கிறீர்களா? மையத்துக்குப் பக்கத்தில் இருந்தவை உடனே அறுந்தன, சரி. மற்றவை சரிவில் கீழே போகப் போக, ஒன்றன்பின் ஒன்றாகத் தாமதித்து அறுந்திருக்கின்றன. கடைசிக் கேபிள் போனது 13 மணி 17 நிமிஷம் கழித்து!

தந்தி நின்ற நிமிஷம் கரையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். கம்பியின் மின்தடையை அளந்து அறுந்த இடத்தையும் கணக்குப் போட்டுவிடுவார்கள், பழுது பார்க்கக் கப்பல் அனுப்பணுமே. ஆக தூரமும் நேரமும் கையிலேயே இருந்தன. அவற்றிலிருந்து புரூஸ் ஹீஸனும் மாரிஸ் யூவிங்கும் 1952-இல் வேகத்தைக் கணக்கிட்டார்கள். சரிந்த சேறு தண்ணீரோடு கலந்து, சுற்றியிருந்த நீரைவிடக் கனமாகிச் சரிவில் ஓடியிருக்கிறது என்றார்கள். உச்ச வேகம் மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர்! பின்னால் வந்தவர்கள் அதை 70-க்குப் பக்கத்தில் இறக்கினார்கள். அதுவே எவ்வளவு!

இந்த ஓட்டத்தை இழுத்துக்கொண்டு போவது அதிலிருக்கும் மண்தான். மண் படியப் படிய ஓட்டம் தளரும். அடித்தரையை அரித்துக்கொண்டால் வேகம் கூடும், கூடினால் இன்னும் அரிக்கும். இங்கேதான் கணக்கு வழுக்குகிறது. நீர், மண், உந்தம் என்று மூன்று சமன்பாடுகளோடு நிறுத்தினால், மண்ணை மிதக்க வைக்க ஆகும் ஆற்றல் கொந்தளிப்பிடம் இருப்பதைவிட அதிகமாகிவிடலாம். வருமானத்துக்கு மேல் செலவு செய்கிற குடும்பம் மாதிரி. பார்க்கர், ஃபுகுஷிமா, பான்டின் மூவரும் 1986-இல் இதைக் காட்டி, கொந்தளிப்பின் ஆற்றலுக்கென்று நான்காவது சமன்பாட்டைச் சேர்த்தார்கள்.

என் நிரலில் இருப்பது மூன்றுதான். ஓட்டம் தளராமல் ஓடியபோது சந்தோஷப்பட்டேனே, அப்போதே சந்தேகப்பட்டிருக்கணும். நான்காவதை எழுத ஆரம்பித்திருக்கிறேன்.