பூனை வரைந்த லாரி

பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு பழைய போட்டோவோடு வந்தார். தபால் கார்டு அளவு. காக்கி அரைக்கால் சட்டையில் அவருடைய அப்பா, பின்னால் ஒரு மிலிட்டரி லாரி. "சார், இது நம்ம ஆவடியில எடுத்ததுதானே? பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அவர்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சு. யுத்தத்தின்போது அப்பா ஆவடி டிப்போவில் லாரி ஓட்டினார், சண்டையைக் கண்ணால் கண்டதில்லை. ஆவடி பெரிய இராணுவ முகாமாக ஆனதே அந்த யுத்தத்தில்தான் என்பதால் நம்பக்கூடிய கதைதான். தீபாவளிக்கு வெடிச் சத்தம் தொடங்கும் முன்பே அப்பா வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிடுவாராம். "மிலிட்டரிக்காரருக்குப் பட்டாசைக் கண்டால் பயம்" என்று பிள்ளைகளே கேலி செய்வார்களாம். நண்பரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் மெஸ்ஸியே எந்தப் படத்தைக் காட்டினாலும் இரண்டு கேள்வி கேட்பார். என்ன பார்க்கிறாய்? அதிலிருந்து என்ன புரிந்துகொள்கிறாய்? முதல் கேள்விக்கு இரண்டாவதன் பதிலைச் சொன்னால் விரலில் ரூல்தடி விழும். எங்கள் தெருவில் பழைய சொல்தாக்கள் வீட்டுச் சுவரெல்லாம் யுத்தப் படங்கள். 1942-ல் பிர் ஹக்கெய்மில் நின்ற சுதந்திர பிரெஞ்சுப் படைக்கும் வண்டி கொடுத்தது பிரிட்டிஷார்தான். அந்த லாரிகளைப் பார்த்துப் பார்த்து வந்த பைத்தியம் எனக்கு இன்னும் தெளியவில்லை.

நண்பரின் படத்தில் முதலில் லாரியின் மூஞ்சியைப் பார்த்தேன். சப்பை மூக்கு. பெட்ஃபோர்டு ஓ.ஒய். என்றால் பானெட் முன்னால் சரிந்து நீண்டிருக்கும். இது கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் ஒரே அமைப்பில் செய்து தள்ளிய வண்டி. யுத்தம் முடிந்து டிஸ்போசலில் வந்து நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடியதைச் சில வாசகர்கள் பார்த்திருக்கலாம். முன் கண்ணாடியின் மேல்பக்கம் வெளியே நீட்டி, கீழ்ப்பக்கம் உள்ளே வாங்கியிருந்தது. வெயில் பட்டுக் கண்ணாடி மின்னினால் மேலே பறக்கும் விமானத்துக்குத் தெரிந்துவிடும் என்று அப்படிச் சாய்த்தார்கள். அது 13-ஆம் எண் கேபின். 1941 கடைசியில்தான் தயாரிப்புக்கு வந்தது.

பானெட் பக்கத்தில் எண் பாதி அழிந்து, 'எல்' என்ற எழுத்து மட்டும் நின்றது. பிரிட்டிஷ் இராணுவ வழக்கத்தில் எல் என்றால் லாரி, இசட் என்றால் சிறிய டிரக், எம் கார், சி மோட்டார் சைக்கிள், ஏ ஆம்புலன்ஸ், டி டாங்கி. வெள்ளை நட்சத்திரம் இருந்தால் உடனே அமெரிக்க வண்டி என்று சொல்லிவிடுவார்கள், அது தப்பு. யுத்தத்தின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் வண்டிகளிலும் நட்சத்திரம் போட்டார்கள்.

மட்கார்டில் ஒரு சின்னக் கட்டம், உள்ளே ஏதோ கறை. "அது நாய்ங்க. சின்ன வயசிலேர்ந்து நாய்னுதான் சொல்லுவோம்" என்றார் நண்பர். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பூனை. கருப்புப் பூனை.

எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. 17-ஆவது இந்திய டிவிஷனின் சின்னம் அது. 1942-ல் பர்மாவிலிருந்து பின்வாங்கி வந்தபோது அவர்களுக்கு மின்னல் கீற்றுதான் அடையாளம். பூனை அதன் பிறகு வந்தது. அந்த டிவிஷன் 1944-ல் திட்டிம் சாலை வழியாகச் சண்டை போட்டுக்கொண்டே இம்பாலுக்கு வந்தது. 1945 பிப்ரவரியில் ஐராவதியைக் கடந்து மெய்க்டிலாவை நோக்கிப் பாய்ந்தது. 48, 63 ஆகிய இரண்டு பிரிகேடுகள் லாரிகளில், கூடவே 255-ஆவது இந்திய டாங்கி பிரிகேடின் ஷெர்மன் டாங்கிகள். மார்ச் முதல் வாரத்தில் ஊரைப் பிடித்தார்கள். உடனே ஜப்பானியர் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். சாலை அறுந்து, சாப்பாடும் குண்டும் விமானத்தில் வந்தன. அந்த வளையத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களில் லாரி டிரைவர்களும் உண்டு. டிரைவர்தானே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

"பின்னால மெட்ராஸ் ஸ்டூடியோ முத்திரை இருக்கே சார்?" என்று நண்பர் படத்தைத் திருப்பிக் காட்டினார். ஆவடிக் கதை பிறந்ததே அந்த முத்திரையால்தான் என்று தோன்றுகிறது. அது பிரிண்ட் போட்ட இடம். படம் எடுத்த இடம் அல்ல. கடிதத்தில் போட்ட தேதியும் ஆபீசில் வந்து சேர்ந்த தேதியும் வேறுவேறு என்பது எந்த குமாஸ்தாவுக்கும் தெரியும்.

ஒன்றையும் அவரிடம் மறைக்கவில்லை. வண்டி பூனை டிவிஷனுடையது, அப்பா அதன் பக்கத்தில் நிற்கிறார். படம் சொல்வது அவ்வளவுதான். ஆனால் வலது கையை ஸ்டியரிங் பக்கத்துக் கதவின் மேல், சொந்த மாட்டின் முதுகில் வைப்பதுபோல் வைத்திருக்கிறார்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு திருத்தணியில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டு எல்லாம் சொன்னார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "தீபாவளிக்கு தீபாவளி அம்மாதான்டா எண்ணெய்த் தூக்கைக் கையில் கொடுத்து, கோயிலுக்கு விளக்கு போட்டுட்டு மெதுவா வாங்கன்னு அனுப்பும். நமக்குத்தான் ஒண்ணும் சொல்லலை" என்றார் அந்த அம்மாள்.

போகும்போது நண்பர் பூதக்கண்ணாடியை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.