4-ல் பாஸ், ஒன்றில் கோட்டை விட்டால் வேலை கிடைக்குமா? லோகோ பைலட் 'சிபேட்' கவனத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

ரயில் ஓட்டும் வேலைக்கு விண்ணப்பித்து, இரண்டு கட்ட கணினித் தேர்வையும் தாண்டியாச்சு. இனி வேலை உறுதி என்று நினைக்கும் நேரத்தில், சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஒரு சின்ன தேர்வு மொத்த வாய்ப்பையும் பறித்துவிடலாம். அதுதான் 'சிபேட்' எனப்படும் திறனறித் தேர்வில் வரும் கவனத் தேர்வு. இதற்குப் பாடப்புத்தகமும் கிடையாது, மனப்பாடமும் உதவாது. பிறகு எப்படித்தான் தயாராவது? முழு விவரம் இதோ.

சிபேட் என்றால் என்ன?

ரயில்வே தேர்வு வாரியம் உதவி லோகோ பைலட் பணிக்கு ஆள் எடுக்கும்போது நடத்தும் மூன்றாவது கட்டத் தேர்வு இது. 2024 அறிவிப்பில் முதலில் 5,696 என்று இருந்த காலியிடங்கள், பிறகு 18,799 ஆக உயர்த்தப்பட்டன. 2025 அறிவிப்பில் 9,970 இடங்கள்.

முதல் கட்டத் தேர்வு 75 கேள்வி, 60 நிமிடம். இது வடிகட்ட மட்டும்தான். இரண்டாம் கட்டத்தில் ஏ பிரிவு 100 கேள்வி, 90 நிமிடம். பி பிரிவு 75 கேள்வி, 60 நிமிடம். இதில் தேறுபவர்களில் காலியிடங்களைப் போல 8 மடங்கு பேர் சிபேட்டுக்கு அழைக்கப்படுவார்கள்.

சிபேட்டில் 5 தேர்வுகள் இருக்கும்:

• நினைவாற்றல்: ஒரு படத்தில் எந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று மனதில் வைத்துச் சொல்வது

• விதிமுறையைப் பின்பற்றுதல்: கொடுத்த விதியைப் படித்து, அதன்படியே விடை காண்பது

• ஆழம் உணர்தல்: அடுக்கி வைத்த செங்கல்களில் ஒன்றை மற்ற எத்தனை கற்கள் தொடுகின்றன என்று எண்ணுவது

• கவனம்: ஒரே மாதிரி தெரிபவற்றில் சரியானதை மட்டும் வேகமாகப் பிரித்தெடுப்பது

• பார்வை வேகம்: ஒன்றுபோலவே இருக்கும் படங்களில் அச்சு அசலாகப் பொருந்துவதைக் கண்டுபிடிப்பது

இங்கேதான் முக்கியமான விஷயம். ஐந்திலும் தனித்தனியாக 'டி ஸ்கோர்' 42 எடுக்க வேண்டும். நான்கில் 70 எடுத்து, ஒன்றில் 41 எடுத்தாலும் வெளியேதான். எந்தப் பிரிவினருக்கும் இதில் தளர்வு கிடையாது. தேறியவர்களுக்கு இரண்டாம் கட்டத்தின் ஏ பிரிவு மதிப்பெண்ணில் 70 சதவீதமும், சிபேட்டில் 30 சதவீதமும் சேர்த்துத் தரவரிசை போடப்படும்.

42 என்றால் ரொம்ப அதிகமா?

இல்லை. டி ஸ்கோர் என்பது நூற்றுக்கு எத்தனை மார்க் என்ற கணக்கு அல்ல. மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைக் காட்டும் அளவு. இந்த முறையில் சராசரி எப்போதும் 50. அப்படியென்றால் 42 என்பது சராசரிக்கும் சற்றுக் கீழே. ஐந்திலும் ஜொலிக்க வேண்டும் என்பது முதல் தேவை அல்ல. எந்த ஒன்றிலும் சறுக்கக் கூடாது என்பதுதான். பிடித்த தேர்வையே திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதைவிட, பலவீனமான ஒன்றைத் தூக்கி நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

கவனத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2024 பிப்ரவரி 25 நள்ளிரவில், செங்கோட்டை அருகே புளியரை 'எஸ்' வளைவில் பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று கவிழ்ந்து ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. சத்தம் கேட்டு எழுந்த வயதான தம்பதி, டார்ச் லைட்டோடு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழ்நாடு முதலமைச்சர் 5 லட்சம் ரூபாய் வெகுமதி அளித்தார். அந்தத் தம்பதியின் துணிச்சல் ஒரு பாதி. இருட்டில் தெரிந்த சின்ன வெளிச்சத்தை இன்ஜினில் இருந்தவர்கள் தவறவிடாமல் பார்த்தது மறுபாதி.

1904-ல் மீட்டர்கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டு, 2018-ல் அகலப்பாதையாக மாறிய செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் வளைவுகளும் சுரங்கங்களும் பாலங்களும் அடுத்தடுத்து வரும். அங்கே என்றில்லை, சமவெளியிலும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். நூறு சிக்னல் பச்சையாக இருந்ததால் நூற்றியொன்றாவதும் பச்சையாகத்தான் இருக்கும் என்று கண் நம்பிவிடக் கூடாது. கவனத் தேர்வு சோதிப்பது இதைத்தான்.

உலகம் முழுக்க இதே முறையா?

அடிப்படை ஒன்றுதான். பிரிட்டனில் ரயில் ஓட்டுநர் தேர்வில் நீண்ட காலம் 'குரூப் போர்டன்' என்ற தேர்வு இருந்தது. தாள் முழுக்கப் புள்ளிக் கூட்டங்கள் இருக்கும். சிலவற்றில் 3 புள்ளி, சிலவற்றில் 4, சிலவற்றில் 5. நான்கு புள்ளி உள்ளவற்றை மட்டும் அடித்துக்கொண்டே போக வேண்டும். கேட்க ஈஸியாகத் தெரியும். நேரம் ஓடும்போதுதான் கஷ்டம் புரியும்.

ஜெர்மனியில் 1962-ல் வந்த 'டி2' தேர்வும் இந்த ரகம்தான். 14 வரி, வரிக்கு 47 எழுத்து, ஒரு வரிக்கு 20 விநாடி மட்டுமே.

வீட்டிலேயே பயிற்சி செய்வது எப்படி?

முதல் வேலை, லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. நிறுவனத்தின் இணையதளத்தில் உளவியல் தொழில்நுட்பப் பிரிவின் பக்கத்தைப் பார்ப்பது. கேள்வி எந்த வடிவில் வரும் என்ற விளக்கம் அங்கே இலவசமாகவே இருக்கிறது. அதன் பிறகு தினமும் 20 நிமிடம் போதும்.

1. புள்ளித் தாள்: வரிக்கு 25 கூட்டம் என்று 3, 4, 5 புள்ளிகளைக் கலந்து ஒரு தாள் தயார் செய்யுங்கள். வீட்டில் வேறு யாராவது எழுதிக் கொடுத்தால் நல்லது. 2 நிமிடம் டைமர் வைத்து, 4 புள்ளிகளை மட்டும் அடியுங்கள்.

2. செய்தித்தாள் பயிற்சி: ஒரு பத்தியில் 'ர' எழுத்தை மட்டும் வட்டமிடுங்கள். துணைக்கால் பார்க்க 'ர' போலவே இருப்பதால் கண் ஏமாறும். அந்த ஏமாற்றத்தைப் பிடிப்பதுதான் பயிற்சி.

3. எண் பயிற்சி: 68947, 68497 போன்ற எண்களை ஜோடி ஜோடியாக எழுதி, 'ஒன்றா, வேறா' என்று குறியுங்கள். தேர்வு இந்தி, ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்பதால், ஆங்கில எழுத்துகளிலும் இதே பயிற்சி அவசியம்.

4. ஒரே திசை: எப்போதும் இடமிருந்து வலம், வரி வரியாக. கண்ணை அங்கும் இங்கும் அலைய விட்டால் நேரமும் போகும், விடுபடுதலும் கூடும்.

ஒவ்வொரு முறையும் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: எத்தனை பார்த்தீர்கள், எத்தனை விட்டீர்கள், எத்தனை தப்பாக அடித்தீர்கள். உதாரணத்துக்கு, 150 பார்த்து 2 விட்டிருந்தால் வேகத்தைக் கூட்டலாம். 220 பார்த்து 15 விட்டிருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். விடுபடுதல் கடைசி வரிகளில்தான் அதிகம் என்றால், உங்கள் பிரச்சினை கண் அல்ல, சோர்வு. கடைசி இரண்டு வாரம் ஐந்து வகைப் பயிற்சியையும் இடைவெளி இல்லாமல் ஒரே மூச்சில் செய்து பாருங்கள்.

மொபைலில் பயிற்சி செய்தால் போதுமா?

போதாது. ஹாலில் பெரிய திரையும் மவுஸும்தான் இருக்கும். கட்டைவிரலில் பழகிய வேகம் அங்கே உதவாது. வாரத்தில் இரண்டு நாளாவது கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பழகுங்கள்.

தேர்வு நேரத்தில் எதை மறக்கக் கூடாது?

சிபேட்டில் நெகட்டிவ் மார்க் கிடையாது. அதனால் ஒரே கேள்வியில் தேங்கி நிற்க வேண்டாம்; அடுத்ததுக்கு நகருங்கள். முந்தைய தேர்வு சரியாகப் போகவில்லை என்ற டென்ஷனை அடுத்ததுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கோர்.

கண் சான்றிதழ் கட்டாயமா?

ஆமாம். அறிவிப்பில் உள்ள படிவத்தில் கண் டாக்டரிடம் வாங்கிய அசல் சான்றிதழ் இல்லாமல் சிபேட் எழுத விட மாட்டார்கள். இந்தப் பணிக்கு 'ஏ-1' தகுதி தேவை. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை இருக்க வேண்டும்; நிறம் பிரித்தறிதல், இரவுப் பார்வை சோதனைகளிலும் தேற வேண்டும். லேசிக் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குத் தகுதி இல்லை. ஆகவே மாதக்கணக்கில் படித்து, கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ஒருமுறை கண்ணைச் சோதித்துவிடுவது நல்லது.

தென்காசி, குற்றாலம் பகுதியினர் கவனத்துக்கு

தேர்வு மையம் வெளியூரில் கிடைத்தால், இரவு முழுக்கப் பயணம் செய்து நேராக ஹாலுக்குப் போவதைத் தவிருங்கள். எழுத்துத் தேர்வைத் தூக்கக் கலக்கத்தில்கூடச் சமாளித்துவிடலாம். கவனத் தேர்வை முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீசன் என்பதால் ரயிலிலும் பஸ்ஸிலும் கூட்டம் அதிகம். அழைப்புக் கடிதம் வந்ததுமே டிக்கெட் போட்டு, முதல் நாளே போய்ச் சேருவது பாதுகாப்பு.

சீசன் கடை, லாட்ஜ் வேலையில் குடும்பத்துக்குக் கை கொடுப்பவர்கள், ராத்திரி வியாபாரம் முடிந்து அசதியோடு பயிற்சி செய்வதைவிட, காலையில் கடை திறப்பதற்கு முன் 20 நிமிடம் ஒதுக்கலாம். நாள் தவறாமல் ஒரு மாதம் செய்தால், உங்கள் நோட்டில் இருக்கும் அந்த மூன்று எண்களே எவ்வளவு முன்னேறியிருக்கிறீர்கள் என்று காட்டிவிடும்.